1958 என்று போடாதே

வெள்ளவத்தை, கொழும்பு
19 ஜனவரி 2025

அடியே கம்சலா,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மூன்று வாரமாக நான் அனுப்பும் எதற்கும் ஒற்றைச் சாம்பல் குறிதான் விழுகிறது. உன் முதலாளி கதிர்காமநாதன் ஐயாவின் கடைக்குப் பேசினால், "அந்தப் புள்ள கொப்பி எண்ணுது, அப்புறமா எடுங்க" என்கிறார். ஒரு புத்தகக் கடையில் எத்தனை நோட்டுக் கொப்பிதான் இருக்கும்? அதனால் முத்திரை வாங்கிவிட்டேன். கடிதத்தைத் தடுக்கும் பொத்தான் இன்னும் வரவில்லை.

உன் கோபம் எதற்கென்று தெரியும். நம் படத்திலிருந்து நான் வெட்டி அனுப்பிய மூன்று நிமிடத் துண்டு. தொடக்கத்தில் '1958' என்று போட்டிருந்தது. நீ அதற்கு மேல் பார்த்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

'நெட்டிமலை மகாராணி'யை எடுத்தபோது என்னிடம் ஒரு கமராவும் உன்னிடம் ஒரு கொப்பியும்தான் இருந்தன. கறுப்பு வெள்ளை, சதுரத் திரை, கண்ணாடியில் தூரிகையால் எழுதிய பெயர்கள், செந்தமிழ் வசனம், இடி இடித்தால் முகத்துக்கு நெருக்கம். எல்லாம் பழைய படம். ஆனால் உடுப்பு இன்றைய உடுப்பு, பஸ் இன்றைய பஸ், உன் அம்மாவின் இடுப்பில் இன்றைய போன். எனக்கும் பிடித்துத்தான் எடுத்தேன். எல்ல ஊர் விடுதிக்காரரிடம் புரொஜெக்டரைக் கெஞ்சி வாங்கி, கராஜில் கழித்துப்போட்ட பஸ் சீட்டில் உன் அம்மாவை உட்கார வைத்து, பின்னால் வெள்ளை வேட்டியில் ஹப்புத்தளை ரோட்டை ஓடவிட்டு, நாம் இருவரும் சீட்டைப் பிடித்து ஆட்டினோமே! "எனக்கு நெசமாவே தல சுத்துதுடி" என்று அம்மா சத்தம் போட்டார். அதைவிட நல்ல நாள் எனக்கு வரவில்லை.

ஆனால் எடுத்ததை வெட்டி ஒட்ட ஓர் இடம் வேண்டும். என் முதலாளி புஹாரி நானாவின் ஸ்டூடியோவில் நாள் முழுக்கக் கல்யாண வீடியோ. சாப்பாட்டு நேரத்தில் நம் படம். அவர் ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தார். "ரெட்ரோ எண்டா இப்ப நல்லா ஓடும் தங்கச்சி. ஆனா இந்த போன், பிளாஸ்டிக் பை எல்லாம் என்னத்துக்கு? 1958 எண்டு ஒரு கார்டு போடுங்க. போன் சீன தூக்கிட்டு ஒரு தந்தி வரட்டும். வெள்ளக்காரன் அழுவான்" என்றார். அப்படிச் செய்தால் இசையும் ஒலியும் அவருடைய பொறுப்பு. வெளிநாட்டு விழாவுக்கும் அனுப்புவார். இல்லையென்றால் பெப்ரவரிக்குப் பிறகு இயந்திரம் கிடையாது.

இருபத்திரண்டு நிமிடத்தில் மூன்றே நிமிடம், கம்சி. கதை அதே கதைதானே. தோட்டத்து ஆபீஸில் கடிதம் மாட்டிக்கொள்கிறது, மகளுக்கு வேலை போகிறது, அம்மா போய் நியாயம் கேட்கிறாள். அது 1958இல் நடந்தால் என்ன, இன்று நடந்தால் என்ன?

திட்டியாவது எழுது.

துஷாந்தினி


பதுளை
26 ஜனவரி 2025

துஷாந்தினிக்கு,

கடிதத்தைத் தடுக்கும் பொத்தான் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அது வந்து பல காலமாகிறது. எங்கள் தோட்டத்து ஆபீஸில், பெரிய கிளாக்கரின் மேசையில், இடப்பக்கம் இழுத்துத் திறக்கும் இரண்டாவது லாச்சி.

நீ வெலிமடைக் கடைத்தெருவில் பிறந்தவள். உங்கள் வீட்டுக்குத் தபால்காரர் மணியடித்துக்கொண்டு வருவார். ஒரே கூரையில் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் வீட்டுக்கு இலக்கமும் இல்லை, தெருவுக்குப் பெயரும் இல்லை. எல்லோருடைய கடிதமும் ஆபீஸுக்குப் போகும். அங்கே யாருக்காவது ஞாபகம் வரும் நாளில் மலைக்கு வரும். உனக்கு இது தெரியும், நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் தெரிந்திருப்பது வேறு.

உன் துண்டை முழுதாகத்தான் பார்த்தேன், நான்கு தடவை. அழகாக இருக்கிறது. அதுதான் என் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் பழைய படம் போட்டால் அம்மா அசையமாட்டாள். சபையில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று நியாயம் கேட்கும் காட்சி வரும்போது அவளுடைய உதடும் சேர்ந்து அசையும். ஒரு சொல் பிசகாது. மறுநாள் ஆபீஸ் வாசலில் அதே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு "சரிங்கய்யா" என்பாள். அந்த உதட்டை அந்த வாசலுக்குக் கொண்டுபோனால் என்ன என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பழைய பாணியை நான் அலங்காரத்துக்காக எடுக்கவில்லை, துஷா. தலை நிமிர்ந்து பேச அம்மாவுக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான்.

1958 என்று போட்டால் பார்க்கிறவர்கள் 'பாவம், அந்தக் காலம்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். எங்கள் பெரிய கிளாக்கரும் துடைத்துக்கொள்வார்.

இன்னொன்றை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். படத்தில் மகளுக்கு வரும் கடிதம் என் கற்பனை என்று நீ நினைத்திருக்கிறாய். அது என் கடிதம். 2022 செப்டெம்பர், ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. அந்த லாச்சிக்குள் பதினேழு நாள் கிடந்தது. என் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து ஆறு நாள். நீ தூக்கிய போன் காட்சியில் ஒரு குரல் 'ஏன் நீங்கள் வரவில்லை?' என்று கேட்குமே, அந்தக் கேள்வியை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். தந்தியில் அல்ல. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால், சிக்னல் கிடைக்கும் கல்லின் மேல் நின்று, இந்தப் போனில்.

எனக்கு நேர்ந்ததற்கு நான் பிறக்காத வருஷத்தைப் போட்டிருக்கிறாய்.

நம் படம் இருக்கும் டிஸ்க்கை அனுப்பிவிடு. கடை முகவரிக்கு அனுப்பு. தோட்டத்துக்கு அனுப்பாதே.

கம்சலா


வெள்ளவத்தை
6 பெப்ரவரி 2025

கம்சி,

உன் கடிதத்தை ஸ்டூடியோ மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பழைய படத்தில் கடிதம் படித்தால் எழுதியவர் முகம் தாளில் தெரியுமே, அப்படி உன் முகம் தெரிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, மூக்கு நுனி சிவந்து.

எனக்கும் கோபம் வந்தது. நாலு வருஷம் பதுளையில் ஒரே பெஞ்சில் இருந்தோம். என் அப்பா லொறியை விற்ற கதை, என் பல்லுக்குக் கம்பி கட்டிய கதை, நான் யார் பின்னால் அலைந்தேன் என்பது எல்லாம் உனக்குத் தெரியும். உனக்கு நடந்ததை நான் யாரோ ஒரு பாத்திரத்துக்கு நடந்ததாக நினைத்து, 'இந்த மகள் இங்கே கொஞ்சம் அழலாம்' என்று யோசனைவேறு சொன்னேன். நீயும் 'பார்ப்போம்' என்று கொப்பியில் குறித்துக்கொண்டாய். கல்லுடி நீ.

அந்தக் கோபத்தில் டிஸ்க்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது பாக்கியலெட்சுமி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். ஸ்டூடியோவைக் கூட்டித் துடைப்பவர். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து பதினொரு வருஷத்துக்கு முன் கொழும்புக்கு வந்தவர். "அக்கா, உக்காருங்க, ஒரு படம் காட்டுறேன்" என்றேன். முதலில் 1958 பதிப்பு. கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார். முடிந்ததும், "பாவம், அந்தக் காலத்து ஆளுக என்னா பாடுபட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். நீ எழுதிய அதே சொல். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் உன்னுடையதைப் போட்டேன். அதே கறுப்பு வெள்ளை, அதே வீணை. அக்கா இதுவும் பழைய கதை என்று வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். போன் அடிக்கும் இடம் வந்தது. அக்கா சட்டென்று தன் போனை எடுத்துப் பார்த்தார். அடிப்பது தன்னுடையது இல்லை என்று தெரிந்து திரையை நிமிர்ந்து பார்த்தார் பாரு, அந்தப் பார்வையைப் பிடிக்க என் கையில் கமரா இல்லை. முடிந்த பிறகும் எழும்பவில்லை.

"இது எந்தத் தோட்டம்டி? எங்க ஆபீஸ்லயும் இதே கததான். எம் மகளோட அடையாள அட்ட வந்து ரெண்டு மாசம் அங்கனயே கெடந்துச்சு. கேட்டா, 'நீதான் வரல'ங்கிறான்! யாரு அந்தப் பொம்பள? என்னா பேச்சு பேசுறா!"

உன் அம்மாதான் என்று சொன்னேன். திரும்பப் போடச் சொன்னார்.

அவ்வளவுதான் கம்சி. கதையையும் பழசாக்கிவிட்டால் ஆட்கள் தூர நின்று பார்க்கிறார்கள். பழைய படத்துக்குள்ளே இன்றைய போன் அடித்தால் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். உன் பதிப்பையே தேர்ந்தெடுத்துவிட்டேன். புஹாரி நானாவிடமும் சொல்லிவிட்டேன். "வியாபாரம் தெரியாத புள்ளைகள்" என்றார். இசையும் இல்லை, விழாவும் இல்லை. 25ஆம் திகதி வரை இயந்திரம் மட்டும். ஒலியை நானே செய்கிறேன். இடிக்கு ஸ்டூடியோ கழிப்பறையின் தகரக் கதவு. நன்றாகவே இடிக்கிறது.

இப்போதாவது போனில் என்னைத் திறந்துவிடு.

துஷா


பதுளை
14 பெப்ரவரி 2025

அன்புள்ள துஷா,

திறக்கவில்லை. கோபத்தால் அல்ல. போனில் நீ பேசுவாய், நான் 'ம்' போடுவேன். கடிதத்தில் நானும் பேசுகிறேன். படம் திரைக்கு வரும்வரை இப்படியே இருப்போம்.

பாக்கியலெட்சுமி அக்கா போனை எடுத்துப் பார்த்ததைக் கடையில் நின்றபடி மூன்று தடவை படித்தேன். கதிர்காமநாதன் ஐயா, "என்னம்மா, கல்யாணச் சேதியா?" என்றார். அதைவிடப் பெரியது என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த மகள் ஏன் அழவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். நான் அன்றைக்கு அழவில்லை. கடைக்கு வந்து கொப்பி அடுக்கினேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் நம்பிக்கையின்மை இல்லை. சொன்னால் எனக்கு ஆறுதல் சொல்வாய். ஆறுதல் வந்தால் எழுதமாட்டேன் என்று பயந்தேன்.

செய்தி ஒன்று. மகளிர் தினத்தையொட்டிப் பதுளையில் ஒரு பெண்கள் சங்கம் படங்கள் காட்டுகிறது. மார்ச் 9, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. நம்முடையதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய திரை பெரியது, நல்ல பிரதி வேண்டும் என்கிறார்கள். இங்கிருக்கும் சிக்னலில் அவ்வளவு பெரிய கோப்பை இறக்க முடியாது. மார்ச் முதலாம் திகதிக்குள் டிஸ்க் வர வேண்டும். கடைக்கு.

இன்னொரு செய்தி நல்லதல்ல. மலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை, எல்லோர் முன்னாலும் அம்மாவிடம், "என்னா விஜயலெட்சுமி, சினிமாவுல எங்களப் போட்டு வாங்குறியாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கத் தூரத்து மலை, செங்குத்தான மலை. வீட்டுக்கு வந்து காலைத் தேய்த்துக்கொண்டே, "எம் மூஞ்சிய மட்டும் எடுத்துருங்கடி. கொரல் வேணா இருக்கட்டும்" என்றாள்.

முகம் இல்லாத மகாராணி எப்படி இருப்பாள்? ஆனாலும் அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம். இந்தப் படத்தில் இழப்பதற்கு ஏதாவது வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். நீ என்ன செய்ய முடியும் என்று பார்.

கம்சலா


வெள்ளவத்தை
26 பெப்ரவரி 2025

கம்சி,

கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், கதிர்காமநாதன் ஐயா சொல்லியிருப்பார். இந்தக் கடிதம் மன்னிப்புக் கேட்க.

நேற்று டிஸ்க்கைப் பதிவுத் தபாலில் போட்டேன். தபால் நிலையப் பெண் முத்திரை குத்திச் சாக்குக்குள் போடும்போதுதான் முகவரி கண்ணில் பட்டது. 'செல்வி கம்சலா, மூன்றாம் லயம், கீழ்ப்பிரிவு, நெட்டிமலைத் தோட்டம், பதுளை.' "மிஸ், அதத் திருப்பித் தாங்க" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். திருப்பிக் கொடுக்க ஒரு படிவமாம், அந்தப் படிவம் முடிந்துவிட்டதாம்.

கடைக்கு அனுப்பு என்று நீ இரண்டு தடவை எழுதினாய். எனக்கு நினைவிருந்தது, என் கைக்குத்தான் நினைவில்லை. படத்தின் கடைசியில் கடித உறையை நெருக்கத்தில் காட்டுகிறோமே, அந்த முகவரியை ஒரு மாதமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்த்திருக்கிறேன். பேனாவை எடுத்ததும் கை பெயரை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே எழுதிவிட்டது. ஆபீஸில் மாட்டிக்கொண்ட கடிதத்தைப் பற்றிப் படமெடுத்துவிட்டு, அந்தப் படத்தையே அந்த ஆபீஸுக்கு அனுப்பியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேறு நல்ல பிரதியும் இல்லை. ஒரு பெரிய கல்யாணம் வந்து நேற்றே இயந்திரத்தில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது போனில் பார்க்கும் சின்னப் பிரதி. பெரிய திரையில் போட்டால் அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடையும்.

அந்த டிஸ்க்கில் இரண்டு பதிப்பு இருக்கிறது. ஒன்றில் அம்மாவின் முகம் உண்டு. மற்றதில் ஆபீஸ் காட்சி முழுவதும் முதுகும் கையும் மட்டும். எது என்று அம்மா சொல்லட்டும். ஆனால் முதலில் அது உங்கள் கைக்கு வர வேண்டும்.

என்னை மன்னிக்காதே. எடுத்துவிடு.

துஷா


பதுளை
4 மார்ச் 2025

துஷா,

டிஸ்க் என் கையில் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விட்டுப் படி.

நேற்று நானும் அம்மாவும் ஆபீஸுக்குப் போனோம். மருந்துக்கான துண்டுச் சீட்டு வாங்க ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். பெரிய கிளாக்கர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். பதிவுத் தபால் வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"வந்திருக்கு. தொர கையெழுத்து வைக்கணும்."

"தொர எப்பங்க வருவாரு?"

"கொழும்புல. அடுத்த திங்கக்கெழம."

அடுத்த திங்கள் பத்தாம் திகதி. படம் ஒன்பதாம் திகதி. அவருக்கும் அது தெரிந்திருந்தது. பார்சலை எடுத்து ஒரு தடவை குலுக்கிப் பார்த்து, "அந்தப் படமா இது?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது லாச்சிக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லாச்சிக்குள் றப்பர் வளையம் போட்ட கடிதக் கட்டு ஒன்று கிடந்தது.

துஷா, நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையைப் பார்த்தேன். அந்தக் காட்சிக்கு நான்கு பக்க வசனம் எழுதியவள் நான். "சரிங்கய்யா" என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. தொலைக்காட்சியிலிருந்து வருவது போல இருந்தது.

"என் இல்லத்துக்கு வந்த மடல் என் இல்லம் சேர எவருடைய அனுமதி வேண்டும்?"

அம்மா. செருப்போடு நின்றாள். கொழுந்துக் கூடையின் கயிறு இன்னும் தலையில்.

பெரிய கிளாக்கர் பேனாவை வைத்துவிட்டார். "என்னாம்மா, நாடகமா?"

"உறையின் மேல் என் மகளின் பெயர் இருக்கிறது. உங்கள் பெயர் இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள், தலை வணங்கித் திரும்புகிறேன். இல்லையென்றால் திறவுங்கள் அந்தப் பெட்டியை!"

முழுதும் நான் எழுதியது, ஒரு சொல் தவறவில்லை. பின்னால் யாரோ முதலில் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். வரிசை கலைந்து ஜன்னலைச் சுற்றிவிட்டது. அவர் முகம் கறுத்து, "இதென்ன பேச்சு, மனுசர் மாதிரிப் பேச முடியாதா?" என்றார்.

அம்மா உடனே சொந்தப் பேச்சுக்கு வந்துவிட்டாள். "மனுசரு மாதிரி முப்பது வருசமா பேசிட்டேங்க. நாடகம் பாக்கணும்னா ஞாயித்துக்கெழம பதுளைக்கி வாங்க. இப்ப பார்சலக் குடுங்க."

தோட்டத்துத் துரையின் கையெழுத்து தேவைப்படவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன், அவர் கொடுத்தார். அம்மா நகரவில்லை. "அந்தக் கட்டு யாரோடதுங்க?" என்று கேட்டாள். அது ஆபீஸ் விஷயம் என்று லாச்சியை மூடினார். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டார்கள்.

ஏற்றத்தில் வரும்போது அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இரண்டு பதிப்பு இருப்பதைச் சொல்லி, எதைப் போடுவது என்று கேட்டேன். கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"மூஞ்சி இருக்கட்டும்டி. அந்தாளு நேர்லயே பாத்துட்டான். இனிமே யாரு பாத்தா என்னா."

ஞாயிறு வா. லீவு தராவிட்டால் காய்ச்சல் என்று சொல். எனக்கு உன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கம்சி


வெள்ளவத்தை
11 மார்ச் 2025

என் கம்சிக்கு,

நேற்று முழுக்க ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த அம்மா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

நீ முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய், ஒன்றையும் பார்த்திருக்கமாட்டாய். நான் நடுவில் எழுந்து பின்னால் போய் நின்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன். உனக்காக எழுதி வைக்கிறேன்.

உங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு வேன் வந்தது. எல்லோரும் திருவிழாச் சேலை. விளக்கு அணைந்து கண்ணாடியில் எழுதிய பெயர்கள் ஓடியதும், பழைய படத்துக்கு வந்த மாதிரிக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பஸ் காட்சியில், அந்த வேட்டி ரோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு போன் அடித்தது. கம்சி, மண்டபம் முழுக்கக் கைப்பைகளைத் திறக்கும் சத்தம்! முன்னூறு பேரும் தங்கள் போனைத் தேடினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கடலை தின்னவில்லை.

ஆபீஸ் காட்சி வந்ததும் நான் உன் அம்மாவைத்தான் பார்த்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். திரையில் அவர் 'திறவுங்கள் அந்தப் பெட்டியை' என்றபோது வேனில் வந்தவர்கள் விசிலடித்தார்கள். பெண்கள் அப்படி விசிலடித்து நான் கேட்டதில்லை. அப்போது முந்தானையை இறக்கினார். கடைசிவரை பிறகு மூடவே இல்லை.

பெரிய கிளாக்கர் வந்திருந்தார், தெரியுமா? மனைவியோடு, கடைசி வரிசையில். திரையில் லாச்சி திறந்து கடிதக் கட்டு வெளியே வந்தபோது அந்த மனைவி திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அவரைத்தான் பார்த்தார். படம் முடியும்வரை அப்படியே பார்த்தார். அவர் வீட்டுக்குப் போனபின் என்ன நடந்தது என்பதை யாராவது படமெடுக்க வேண்டும்.

பிறகு அந்தச் சங்கத்து அம்மா மேடையில் உன்னிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து, "இது யாருடைய கதை?" என்று கேட்டார். உன்னை எனக்குத் தெரியும். 'பொதுவாக மலையகத்தில்' என்று ஏதாவது ஆரம்பித்து நழுவுவாய் என்று நினைத்தேன். நீ ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தாய். "என்னுடையது. 2022 செப்டெம்பர்" என்றாய். உட்கார்ந்துவிட்டாய். அந்த மண்டபத்தில் விழுந்த கைதட்டலுக்கு என் தகரக் கதவு பக்கத்தில் நிற்க முடியாது.

இன்று காலை புஹாரி நானா வந்து நின்றார். பாக்கியலெட்சுமி அக்கா முன்பே என்னிடமிருந்து தன் போனில் வாங்கி வைத்திருந்த சின்னப் பிரதியை அவருக்குக் காட்டியிருக்கிறார், என்னிடம் கேட்காமலே. "அந்தப் போன் சீன்ல நான் என்ட போன எடுத்துப் பாத்துட்டன் தங்கச்சி" என்றார். ஒலியைச் சரிசெய்து தருகிறாராம். விழாவுக்கு இதே பதிப்பை அனுப்பலாமாம். நான் இரண்டு நிபந்தனை சொன்னேன். ஒன்று, வருஷம் போடுவதாக இருந்தால் 2022 என்றுதான். இரண்டு, இடிச் சத்தம் என்னுடையது, அதைத் தொடக்கூடாது. ஒத்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே தோட்டத்து முகவரிக்கு அனுப்புகிறேன். இந்தத் தடவை கை தவறவில்லை.

துஷா


மூன்றாம் லயம், கீழ்ப்பிரிவு
நெட்டிமலைத் தோட்டம், பதுளை
16 மார்ச் 2025

அன்புள்ள துஷா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

படம் முடிந்த மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடும் பெரட்டில், யார் எந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை சொல்லி முடித்தார். ஒருவரும் நகரவில்லை. "என்னா, கெளம்புங்க" என்றார். "கடுதாசி இருந்தா குடுங்க, கெளம்புறோம்" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறார்கள். மேலே ஆபீஸிலிருந்து அந்தக் கட்டு வந்தது. பதினொரு கடிதம். ஒன்று போன வருஷத்துத் தீபாவளி வாழ்த்து.

அன்றிலிருந்து கடிதம் வந்தால் மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். எத்தனை நாளைக்கு இது நிலைக்கும் என்று தெரியாது. நிலைக்காவிட்டால் மறுபடி நிற்போம் என்கிறாள் அம்மா.

நேற்று நான் கடைக்கு ஒரு பஸ் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு, பெரட்டைப் பார்க்கப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. கணக்கப்பிள்ளை கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "மூணாம் லயம், கம்சலா!" என்று கூப்பிட்டார். என் பெயரை அந்தக் களத்தில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, ஒளியவில்லை. நடந்துபோய் வாங்கினேன்.

பதுளைத் தபால் முத்திரையில் மார்ச் 14. என் கையில் மார்ச் 15. ஒரு நாள், துஷா.

சிக்னல் கிடைக்கும் அதே கல்லில் உட்கார்ந்து படித்தேன். உன் முகம் தாளில் தெரிந்தது, பல்லெல்லாம் காட்டிக்கொண்டு. இந்த வருஷத்து நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பத்தையும் நேற்றே போட்டுவிட்டேன். முகவரி என்று கேட்ட இடத்தில் கடையின் பெயரை எழுதவில்லை.

போனில் உன்னைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுதுவதை நிறுத்தாதே. இங்கே இப்போது எல்லோருக்கும் கடிதம் வேண்டியிருக்கிறது. போனில் தினமும் பேசும் பிள்ளைகளிடம், "ஒரு வரி போதும், தபால்ல போடு" என்று கொழும்புக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். பெயரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமாம்.

அம்மாவுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் நேற்று கடிதக் கட்டுத் தீரும்வரை கூடையை முதுகில் ஏற்றாமல் நின்றாள். அவளுக்குத் தனியாக ஒன்று எழுது. என்ன எழுதுகிறாய் என்பது உன் இஷ்டம். உறையின் மேல் மட்டும் 'கம்சலாவின் அம்மா' என்று போடாதே. விஜயலெட்சுமி என்று முழுதாக எழுது. பின்வரிசை வரைக்கும் கேட்க வேண்டும்.

கம்சி